வெள்ளையாகச் சீவிய வேர்

எழுபத்தெட்டாம் வருஷத் தை மாதக் குளிரில், மேலே ஒரு துண்டு மட்டும் போர்த்திக்கொண்டு, அண்ணன் அழகர்சாமி போடியிலிருந்து மூட்டையோடு எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது தங்கச்சி எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தி தெரியாத மனுஷனுக்கு டெல்லியில் என்ன வியாபாரம்?

மிளகுக் கொடிகளுக்கு நடுவே சர்ப்பகந்தி போட்டால், ரத்தக்கொதிப்பு மருந்துக்கு வேர் நல்ல விலை போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போட்டார். வேரைத் தோண்டியதில் மிளகின் வேரும் அறுபட்டு, கொடிகள் வரிசையாக வாடிவிட்டன. இனி இந்த வேர் விற்றால்தான் தோட்டம் அடமானத்திலிருந்து மீளும். இல்லையென்றால் போயிற்று.

பழைய டெல்லியின் காரி பாவ்லி சந்தையில் ஒரு மூலிகைக் கடையில் மூட்டையை அவிழ்த்தார். வேர்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன. இஞ்சியைச் சுக்காக்குவதற்குச் சீவுகிற மாதிரி, மதினி பொன்னியும் பிள்ளைகளும் ஒவ்வொன்றையும் மூங்கில் சிம்பால் சீவியிருந்தார்கள். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கடை முதலாளி லாலா ஒன்றைக் கடித்துத் துப்பினார். "சால் கஹான் ஹை?"

"தோலு எங்கன்னு கேக்குறாரு அண்ணே."

"அது அழுக்கு, தாயி. சீவிக் குப்பையில கொட்டியாச்சு."

மருந்தெல்லாம் அந்தத் தோலில்தான், இது வெறும் விறகு என்றார் லாலா. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன், அவர் சிரிக்கவில்லை. அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னது நான். என் வாயால் சொல்ல நேர்ந்ததே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோலோடு இருந்தால் எடுத்துக்கொள்வாராம். அதைச் சொன்னதும் அண்ணன் என் கையைப் பிடித்தார். "பாதி வேரு வீட்டுல மண்ணோட கெடக்கு தாயி! பொன்னிகிட்ட ஒடனே பேசணும். தொடாதன்னு சொல்லணும்."

தபால் ஆபீஸில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தோம். ஊரில் பலசரக்குக் கடையில்தான் போன். ஆள் ஓடிப்போய் மதினியைக் கூட்டிவர வேண்டும். மதினிக்குப் போனில் கத்தித்தான் பேசத் தெரியும். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வித்துருச்சா? மிச்சத்தையும் சீவி முடிச்சுட்டோம்ங்க! பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பல. நகமெல்லாம் பேந்துபோச்சு. ஆனா மொதல்ல சீவினத விட வெள்ள!"

அண்ணன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். காசு ஓடுகிறது என்று நானும் அவசரப்படுத்தவில்லை.

"நல்லதாப் போச்சு புள்ள," என்றார் கடைசியில். "கையில எண்ணெ தடவிக்க. பிள்ளைகளுக்கும் தடவிவிடு."