சி.ஆர்.பி. கூடின வீடு

"கொரோனா இல்லன்னா பெறவு ஏன் பெரியம்மா சி.ஆர்.பி. கூடிச்சு?"

வாசல்படிக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று கேட்டான் கொழுந்தன் மகன் மாரிராஜ். செத்துக் கிடந்த கணவருக்குத் தாடைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஞானபூரணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஒங்க பெரியப்பாவுக்கு நெஞ்சடைப்பு. டாக்டர் வந்து பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டாரு. சி.ஆர்.பி. கண்ணுக்குப் பாத்தது."

"கண்ணுக்கு எதுக்கு ரத்தம் எடுக்காவ?"

மதுரையில் கண் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். வயதானால் வருகிற விழித்திரைத் தேய்வு இது, இதில் உடம்புக்குள் இருக்கிற அழற்சிக்கும் பங்குண்டா என்று ஆராய்கிறோம், அதற்குத்தான் இந்த ரத்தப் பரிசோதனை, யாருக்கும் ஒட்டாது என்று. கணவர் வெள்ளத்துரை அதில் பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார். டீக்கடை, தறிக்கூடம், சலூன் என்று ஓரிடம் விடாமல், "எனக்கு சி.ஆர்.பி. கூடுதல் வே" என்று பட்டம் வாங்கினவர் மாதிரி சொல்லித் திரிந்தார். கொரோனா சமயத்தில், ஆஸ்பத்திரியில் எடுத்த அந்தப் பரிசோதனையின் பெயரைக் கேட்டே நடுங்கிய தெரு அது. விடியுமுன்னே மனுஷன் தூக்கத்தில் போனதும் தெரு தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

செத்தும் என் உயிரை வாங்குகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் எடுத்துவர ஓர் ஆள் இல்லை. எல்லாரும் எதிர்வீட்டு நிழலில் மாஸ்க்கோடு ஒதுங்கி நின்றார்கள். "கூடப்பொறந்தவரே உள்ள போகல, நாம எப்படி?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொழுந்தன் சங்கரசுப்பு மாஸ்க்கூடப் போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஞானபூரணம் விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

"ஒங்களப் பாத்துதான் ஒருத்தரும் வரமாட்டேங்காவ. உள்ள வாறீயளா, இல்ல நானே தண்ணி ஊத்திக்கிடட்டுமா?"

"வாரேன் மதினி."

காலால் படியைத் தடவித் தடவி ஏறினார். அவளுக்கு எரிச்சல் கூடியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் பிணத்தைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாக்கக்கூட அம்புட்டுப் பயமா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மதினி."

ஞானபூரணம் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். வெள்ளத்துரையும் அவளை இப்படித்தான் பார்ப்பார். நேரே பார்த்தால் நடுவில் கறுப்பு விழுந்து முகம் மறைந்துவிடும், ஓரக்கண்ணில்தான் கொஞ்சம் தட்டுப்படும்.

"எப்பேர்ந்து தம்பி?"

"பயலுக்குத் தெரியாது. சொல்லிராதீங்க," என்றார் சங்கரசுப்பு. "அம்புட்டுப் பேரு முன்னால படி தட்டி விழுந்துருவனோன்னுதான் வெளியவே இருந்துட்டேன்."

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். அண்ணன் முகம் பிடிபடவில்லை. ஞானபூரணம் அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

வாசலில் பார்த்துக்கொண்டிருந்த மாரிராஜ் மாஸ்க்கை இறக்கினான். "குடத்த எடுங்கல," என்று தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். ஆட்கள் அசைந்தார்கள்.

நெற்றி, கன்னம் என்று இறங்கிய சங்கரசுப்புவின் விரல்கள் மேலுதட்டில் நின்றன.

"அண்ணன் மீசைய எப்ப எடுத்தாவ மதினி?"

தை மாதமே எடுத்த மீசை. நேற்றுச் சாயங்காலம்கூட அண்ணனும் தம்பியும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள்.

"நேத்து ராத்திரிதான் தம்பி," என்றாள் ஞானபூரணம்.