மூக்கில்லாத தாத்தா

"மூக்கில்லாத தாத்தா மேல பச்ச பெயிண்ட் அடிச்சா அவருக்கு மூச்சு முட்டாதாப்பா?"

அலமு இதைக் கேட்டபோது கைலாசம் டின்மேல் வரைந்த கிளிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தான். கண் வைக்கும்போது அவன் பேசமாட்டான். கை கொஞ்சம் ஆடினாலும் கிளிக்கு மாறுகண் வந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கருப்புப் புள்ளியும் அதற்குள் ஊசிமுனை அளவு வெள்ளையும் வைத்து முடித்த பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. முழங்கை வரை பச்சை.

"எந்தத் தாத்தாடி?"

"உள்ள இருக்காரே, அவரு," என்று டின்னைக் காட்டினாள்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். "மூக்கே இல்லாதவருக்கு எப்படி மூச்சு முட்டும்? தூங்கட்டும் வுடு," என்றான். அந்தப் பதில் அவனுக்கே பிடித்துப்போனது. மத்தியானம் சாப்பிடும்போது மனைவி இந்திராணியிடம் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடு அவனுடையது ஒன்றுதான். சுற்றுப்பட்ட ஊர்களில் வேண்டாமென்று கிடக்கும் சாமான்களை வாங்கி வருவான். கால் உடைந்த நாற்காலி, கரையான் தொட்ட அலமாரி, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, காலி டின். மரமானால் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, வெடிப்புகளை மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். தகரமானால் செம்பூச்சு பூசிக் காயவிட்டு அதன்மேல் நிறம். அவன் கைப்பட்ட சாமானை ஊரில் யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ உடலுக்குக் கத்தரிப்பூக் கரை என்று சேலைக்குப் போடுகிற மாதிரியே நாற்காலிக்கும் கரை போடுவான். கரைக்குமேல் ஒரு கிளியோ யாளியோ. "கட்டிக்கினு போறதா, குந்தறதா?" என்று நெசவுக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆனால் வாங்குவார்கள். ஒருவர் வீட்டில் உதவாமல் போனது இன்னொருவர் வீட்டில் விளக்குக்கு எதிரே நிற்கிறதே என்று அவனுக்கு அந்தத் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு.

கிளி போட்ட அந்த டின் விற்பனைக்கு இல்லை. அது கங்கையம்மாளுக்கு.

கங்கையம்மாள் அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவள். அலமு பிறந்தபோது இந்திராணிக்கு ஜுரம் கண்டு, பால் வற்றி, தாயா பிள்ளையா என்று ஆகிவிட்டது. அப்போது கங்கையம்மாள் தன் ஆட்டின் பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து கொண்டுவந்து, மடியில் போட்டுப் பாலாடையால் புகட்டி அந்தக் குழந்தையைத் தேற்றினாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போனபோது, "கொழந்தைக்குப் பால் குடுத்ததுக்குக் கூலியா? எடுத்துக்கினு போப்பா," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கைலாசத்துக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

இந்த ஆடியில் அவளே வாய்விட்டுக் கேட்டாள். "தம்பி, எலித் தொல்ல தாங்கல. அம்மனுக்கு வேண்டிக்கினு கூழ் ஊத்தப் போறேன். மாவு கொட்டி வெக்க ஒரு டப்பா இருந்தா குடேன்."

அவன் ஜோடியாக இரண்டு செய்தான். ஒன்றில் கிளி வலப்பக்கம் பார்த்தது, மற்றதில் இடப்பக்கம். இடப்பக்கம் பார்த்தது செக்குக்காரர் வீட்டு நல்லெண்ணெய் டின். எண்ணெய் கசிந்து ஒரு மூலையில் பெயிண்ட் ஒட்டாமல் சொரசொரவென்று நின்றது. கங்கையம்மாள் அதைத்தான் தொட்டாள். "எனக்கு இது போதும்பா. நல்லத வித்துக்கோ." அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்திருந்த மற்றதை அவள் இடுப்பில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தான்.

டின்கள் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே வீட்டில் சில காரியங்கள் சரியாக இல்லை. தாமல் கிராமத்திலிருந்து சாமான் வந்த மறுநாள் அவன் டர்பன்டைன் வாங்கப் போயிருந்தான். இந்திராணி சாணியும் மண்ணும் அப்பிக் கிடந்த டின்களைச் சாம்பல் போட்டுக் கழுவிச் செம்பூச்சும் பூசி வைத்திருந்தாள்; அவனுக்கு ஒத்தாசையாக அவள் எப்போதும் செய்கிற வேலைதான். திரும்பி வந்து பார்த்தபோது வாந்தி எடுத்துவிட்டுச் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். "பூண்டு நாத்தம் நாறிச்சி. கண்ணு ஒண்ணு ரெண்டாத் தெரியுது," என்றாள். பார்க்க வந்த கங்கையம்மாள், "அலமுவுக்குத் தம்பி வரப்போறான். நல்லாக் கேட்டுக்கோ, ஆட்டுக்கு வயசாயிடுச்சி," என்று கேலி பேசினாள். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கழுவிய தண்ணீர் ஓடிய இடத்தில் புதினாப் பாத்தி கருகிப்போனது. வருஷம் முழுக்க அங்கே ஊர்கிற எறும்பு வரிசையைக் காணவில்லை. சாக்கடையில் தவளை ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வெயில் கொடுமை என்று கைலாசம் சொல்லிக்கொண்டான். அன்று டின்னின் மேல்தகட்டை வெட்டிக் கீல் வைத்து மூடி போட்டவன் அவன்தான். டர்பன்டைனில் ஊறிய அவன் மூக்குக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கங்கையம்மாள் கோயிலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். கையில் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டிய பெண்கள் கூழ் ஊற்றும் வரை கோயில் மண்டபத்திலேயே படுத்து, அங்கே ஆகிற ஒருவேளைச் சோற்றைத்தான் சாப்பிடுவார்கள். "மாவு அரைச்சிக்கினு வந்து உங்க டப்பாவுல கொட்டி மஞ்சத் துணி கட்டிட்டேன். நாளைக்கு சாயந்திரம் கரைச்சி வெச்சா, நாயித்துக்கிழம கூழு. அலமுவுக்குத்தான் மொத சொம்பு," என்றாள்.

சனிக்கிழமை கைலாசம் ஒரு பழைய அலமாரியைப் பார்க்கத் தாமலுக்குச் சைக்கிளில் போனான். ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. முன்பு சாமான்களைக் கொடுத்தனுப்பிய ஆதிகேசவன் கொல்லையில் நின்று ஆள் வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எதையோ கோணி போட்டு மூடியிருந்தது.

"வா கைலாசம். அலமாரி உள்ள இருக்குது, பாரு. டப்பா கிப்பா எதையும் தொடாத."

"ஏண்ணா?"

"கன்னுக்குட்டி போயிடுச்சி. இந்தக் கலியன் இருக்கான் பாரு, பூச்சிமருந்து டப்பாவ நல்லா கழுவிட்டுத்தான் தண்ணி வெச்சேங்கறான். குடிச்சிட்டு தல தூக்கறதுக்குள்ள கால் மடங்கிடுச்சி. புது நெல்லு வந்துச்சி, கூடவே இதுவும் வந்துச்சி. தெளிச்சா வயல்ல நண்டெல்லாம் மெதக்குது."

வேலியோரம் டின் கிடந்தது. அதன் வயிற்றில் ஒரு முகம். இரண்டு எலும்புகளுக்கு மேலே இரண்டு குழிக் கண்கள். மூக்கு இல்லை.

கைலாசம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதே சதுரம், அதே கைப்பிடி. "அன்னிக்கு வண்டியில ஏத்துன சாமான்ல இது இருந்துச்சாண்ணா?"

"இருந்திருக்கும். மாட்டுக் கொட்டாயில கெடந்தத எல்லாம் பசங்க வாரிப் போட்டானுங்க. ஏம்பா, அதுலதான் படம் போட்டுக்குதே. ஊருக்கெல்லாம் படம் போடறவன், உனக்குத் தெரியாதா?"

திரும்பும் வழியெல்லாம் அலமுவின் கேள்வி காதில் கேட்டுக்கொண்டே வந்தது. தூங்கட்டும் வுடு என்று சொன்னானே. அம்மனிடம் என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. சாமிக்குப் படைக்கிறதை வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கம் இல்லை; அதனால் கங்கையம்மாள் அந்த மாவை விரலால்கூடத் தொட்டிருக்கமாட்டாள். அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் நாளைக்கு முதல் சொம்பு யாருக்கு என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு சொம்பை நீட்டிக்கொண்டு நிற்கப்போவது தெருவின் பிள்ளைகள் அத்தனையும். வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். எதிரே ஒரு லாரி வந்ததுகூடத் தெரியாமல் மிதித்தான்.

இந்திராணி வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டப்பா மேல என்ன இருந்திச்சி?" என்றான்.

எந்த டப்பா என்று அவள் கேட்கவில்லை. நாரைக் கீழே வைத்தாள். "மண்டையோடு. மாசியில மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் கோயில்ல போடுவாங்களே, அப்படி. யாரோ கோயில் சாமான் கலந்து வந்துடுச்சின்னு நெனச்சேன். வெள்ளிக்கிழம வெளக்கு வெக்கற நேரம், கொழந்த இருக்கற வீடு... கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கினு செவப்பு பூசிட்டேன். சொன்னா நீங்க சிரிப்பீங்க."

"அது சாமி இல்ல. வெஷம்னு போட்ட படம். அங்க கன்னுக்குட்டியே செத்துக் கெடக்குது."

வாந்தி எடுத்த நாளையும், பாத்தியையும், தவளையையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. திட்ட வாய் வரவில்லை. பயந்து கும்பிட்ட கையை எப்படித் திட்டுவது?

"நான் கோயிலுக்கு ஓடிப்போய் அக்காகிட்ட சொல்லட்டா?"

"காப்பு கட்டிக்கினு இருக்காங்க. அம்மன் வேணாம்னு தள்ளிட்டான்னு நெனச்சி ஒடஞ்சிபோயிடுவாங்க. சொல்லுவேன். கூழ் ஊத்தி முடியட்டும், நானே சொல்லுவேன். நீ மாவை எடு."

அவள் எழுந்து போய், வீட்டுக்கென்று அரைத்து வைத்திருந்த கேழ்வரகு மாவை ஒரு பிடிகூட நிறுத்தாமல் எண்ணெய் டின்னில் கொட்டினாள்.

கரகம் புறப்படுகிற நேரம். தெருவில் ஆள் இல்லை, தறிகள்கூட நின்றிருந்தன. கங்கையம்மாள் வாசலில் பூட்டு என்று ஒன்று தொங்கியதே கிடையாது. நாதாங்கியை நீக்கிவிட்டு உள்ளே போனான். கொல்லையில் ஆடு ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அடுப்பங்கரை மூலையில் கோலம் போட்டு அதன்மேல் டின்னை வைத்திருந்தாள். மஞ்சள் துணி, குங்குமம், செவ்வந்திப் பூ. அந்த இருட்டிலும் கிளி பளபளத்தது. தன் வாழ்நாளில் அதைவிட நல்ல கிளியைத் தான் போட்டதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. டின்னைச் சுற்றித் தரையில் சிந்தியிருந்த மாவில் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. சுவரோரம் ஒரு பல்லி, வால் விறைத்து.

கையில் கோணித் துண்டைச் சுற்றிக்கொண்டு டின்னைத் தூக்கினான். தரையைத் துடைத்தான், துடைத்த துணியைச் சுருட்டி டின்னுக்குள் போட்டான். மறுபடி ஈரத் துணியால் துடைத்தான். தொட்டித் தண்ணீரை மொண்டு கை கழுவிய பிறகுதான் கொண்டுவந்த எண்ணெய் டின்னைக் கோலத்தின்மேல் வைத்தான். மாவு படாத வேறு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் இட்டு, மாடத்திலிருந்த செவ்வந்தியைச் செருகினான். எண்ணெய் கசிந்த மூலை சுவர்ப் பக்கம் போயிற்று. ஆனால் கிளி இப்போது இடப்பக்கம் பார்த்தது. டின்னை எப்படித் திருப்பினாலும் அதை மாற்ற முடியாது. பிறகு கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

ஆற்று மணலில் புதைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். வேகவதியில் வெட்டுவது சுலபம். ஆனால் ஐப்பசியில் தண்ணீர் வரும். மாடு குடிக்கும், பிள்ளைகள் குளிக்கும். கரையைத் தாண்டி, கிணறு எதுவும் இல்லாத கருவேல மேட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். தரை கல்லாக இருந்தது. கடப்பாரை இறங்க மறுத்தது. இடுப்பளவு வெட்டி முடிப்பதற்குள் கையில் கொப்புளம் உடைந்தது. மாவைக் கொட்டியபோது காற்று ஒரு வெள்ளைப் புகையைக் கிளப்பி அவன் முகத்தில் அறைந்தது.

டின்னை அப்படியே போட்டு மூடியிருக்கலாம். அவனுக்கு மனம் வரவில்லை. என்றைக்காவது ஒருவன் இங்கே மண் எடுப்பான். அழகாக இருக்கிறதென்று வீட்டுக்கு எடுத்துப் போவான். பையிலிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்து உட்கார்ந்து சுரண்டினான். கிளியின் கண் போயிற்று, மூக்குப் போயிற்று. பச்சை சுருள்சுருளாக உதிர்ந்தது. அதற்கடியில் இந்திராணியின் செம்பூச்சு, அவசர அவசரமாக இழுத்த பிரஷ் தடத்தோடு. அதற்கும் கீழே குழிக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடப்பாரையால் அடிப்பக்கத்தைப் பல இடத்தில் குத்தினான். முகம் மேலே பார்க்கும்படி குழியில் படுக்க வைத்து மண்ணைத் தள்ளினான்.

தூரத்தில் பம்பைச் சத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கங்கையம்மாள் மாவு கரைக்க வீட்டுக்கு வருகிற நேரம்.

அவன் எழுந்திருக்கவில்லை. காற்றில் பறந்த மாவு மேட்டில் அங்கங்கே வெள்ளையாகப் படிந்திருந்தது. கையால் வாரி மண்ணைப் போட்டு மூட மூட இன்னும் தெரிந்தது. கருவேல மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கித் தத்தி வந்தது. துண்டை வீசி விரட்டினான். அது கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. மறுபடியும் வந்தபோது இரண்டாகத் தெரிந்தது. தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். ஒன்றுதான். துண்டை உயர்த்திப் பிடித்தபடி, வெளிச்சம் இருக்கும் வரை, அதற்கும் மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்.