டீக்மயர் வீட்டுச் சிவப்புச் சட்டை

ஒவ்வொரு ஆகஸ்டிலும் டீக்மயர் குடும்பம் ஒன்றுகூடும்போது டுவைட் கேலகருக்கு ஒரே வேலைதான், படம் எடுப்பது. கல்யாணமாகி இருபது வருஷமாக எடுக்கிறான். ஒரு படத்திலாவது அவன் இருக்கிறானா என்றால், இல்லை. குடும்பப் படத்தில் டீக்மயர் ரத்தம் மட்டுமே நிற்கலாம் என்பது மாமனார் எல்மரின் சட்டம். மருமகன், அதிலும் ஐரிஷ்காரன், கேமராவுக்குப் பின்னால்தான்.

கூட்டம் நடப்பது என்னவோ டுவைட் பாடுபடும் பண்ணையில்தான். முழங்கால் மக்கர் பண்ணியதும் எல்மர் டவுனில் 'மேப்பிள் தோப்பு' முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். பன்றிகளோடு மல்லுக்கட்டுவது டுவைட்.

அங்கே சும்மா உட்கார முடியாமல் எல்மர் வம்சத்தைத் தோண்ட ஆரம்பித்தார். தங்கை, பேரன் ஒருவர் பாக்கியில்லாமல் மரபணுச் சோதனைக் குழாயில் எச்சில் துப்ப வைத்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மிசௌரிக்கு முதன்முதலில் வந்த ஹின்ரிக் தாத்தாவரை பிடித்தாகிவிட்டது. அதற்கு மேலும் அப்பழுக்கில்லாத டீக்மயர் ரத்தம்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல ஆள் வேண்டும். ஜெர்மனியில் பழைய பண்ணையிலேயே இருக்கும் தூரத்து உறவுக்காரி வால்ட்ராவுட்டை வரவழைத்தார்.

போதாததற்கு இந்த வருஷம் சட்டை வேறு. 'டீக்மயர் ரத்தம்' என்று எழுதிய சிவப்புச் சட்டை சொந்தங்களுக்கு. 'டீக்மயர் வீட்டு ஒத்தாசை' என்று எழுதிய சாம்பல் சட்டை மருமகன், மருமகள்களுக்கு. நாய்க்குச் சிவப்பு.

"நாய்க்குக்கூடவா மாமா?" என்றான் டுவைட்.

"எங்க தாத்தா வளர்த்த நாயோட வம்சம் மாப்ளே அது. நீ யாரு வம்சம்?"

நாற்பத்தாறு வயதில் ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான். ஆனாலும் டுவைட் பட்டான்.

"விடு டுவைட், அப்பாவைத் தெரியாதா?" என்றாள் மனைவி ஜோலீன். அவள் போட்டிருந்தது சிவப்பு. சொல்வது சுலபம்.

சாசேஜும் புளித்த முட்டைக்கோசும் தீர்ந்ததும் எல்மர் பீர் குவளையைத் தட்டினார். "வால்ட்ராவுட், சொல்லும்மா. ஹின்ரிக் தாத்தாவோட அப்பாவும் டீக்மயர்தானே?"

"ஆமா, டீக்மயர்தான்," என்றாள் அவள். எல்மர் மார்பை நிமிர்த்தினார். "ஆனா பொறந்தப்போ இல்ல. அவரு பக்கத்து ஊரு மாட்டுக்காரன். டீக்மயர் பொண்ணைக் கட்டிட்டு பண்ணைக்கு வந்தாரு. வந்ததும் அந்தப் பேரை வச்சுக்கிட்டாரு."

"வீட்டோட மாப்பிள்ளையா?" எல்மரின் குரல் கம்மியது.

"அவருக்கு மாமனாரும் அப்படித்தான் வந்தவரு. எங்க பக்கம் அதான் வழக்கம். பேரு ஆளுக்குச் சொந்தமில்ல, பண்ணைக்குச் சொந்தம். யாரு அதுல குடியிருந்து பாடுபடுறாங்களோ அவங்கதான் டீக்மயர். எங்க வீட்டுக்காரரையும் ஊர்ல அப்படித்தான் கூப்பிடுறாங்க." அவள் சுற்றிலும் பார்த்தாள். "இந்தப் பண்ணையில இப்போ யாரு இருக்கா?"

இருந்த அத்தனை தலையும் டுவைட் பக்கம் திரும்பியது. நாயும் திரும்பியது.

"அப்போ டீக்மயர் இவருதான்," என்றாள் வால்ட்ராவுட்.

"அப்போ நான் யாரு?" என்று கத்தினார் எல்மர்.

"நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"மேப்பிள் தோப்புல."

"அப்போ நீங்க மேப்பிள்தோப்பு எல்மர்."

தங்கைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்மருக்கு வந்ததே கோபம். சிவப்புச் சட்டையைக் கழற்றி டுவைட் மேல் எறிந்தார். டுவைட் கழற்றிய சாம்பல் சட்டைக்குள் தொப்பையைத் திணித்தார். "போ, போய் நடுவுல நில்லு டீக்மயர்! நான் எடுக்கிறேன் படம்."

டுவைட் போய் நடுவில் நின்றான். இந்த இடத்துக்காகத்தான் இருபது வருஷம் ஏங்கினான். எதிரே பார்த்தால் எல்மர், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் கேமராவைத் தடவிக்கொண்டிருந்தார். தன்னந்தனியாக. அங்கே நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று டுவைட்டை விட யாருக்குத் தெரியும்? அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா, நீங்களும் வாங்க. கேமராவை வேலிக் கம்பத்து மேல வையுங்க. பத்து நொடியில தானே எடுத்துக்கும்."

எல்மர் வாயைப் பிளந்தார். "தானே எடுக்குமா? எப்பலேருந்து?"

"வாங்கின நாள்லேருந்து."

"அடப்பாவி! இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

டுவைட் தரையைப் பார்த்தான். "நீங்களா கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன் மாமா."

எல்மர் கண்ணைத் துடைத்தார், சாசேஜ் அடுப்புப் புகை என்றார். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. டுவைட் வந்து பொத்தானை அமுக்கியதும் அவன் கையைப் பிடித்து, "ஓடு மாப்ளே!" என்று இழுத்துக்கொண்டு ஓடினார், அந்த முழங்காலோடு.

அந்தப் படம் இப்போது மேப்பிள் தோப்பில் எல்மரின் கட்டிலுக்கு மேல் தொங்குகிறது. பத்து நொடி போதவில்லை; அதில் மற்றவர்களை மறைத்துக்கொண்டு டுவைட்டின் முதுகும் எல்மரின் முதுகும்தான் தெரிகின்றன. முகம் காட்டி ஒழுங்காக நிற்பது நாய் மட்டும்.