பள்ளமாகிப்போன மேடு

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே உயரமான மேட்டில் இருப்பது எங்கள் வீடு. எந்த மழையிலும் வாசலில் தண்ணீர் நின்றதில்லை. அது எங்கள் குடும்பப் பெருமை.

1997 பொங்கலுக்கு, சென்னையில் விடுதியில் தங்கி நிலவியல் படித்த மகள் பூங்கோதை, விமானத்திலிருந்து ஊரை எடுத்த இரண்டு படங்களோடு வந்தாள். அருகருகே வைத்து இரட்டை லென்ஸ் வழியாகப் பார்த்தால் மேடுபள்ளம் நேரில்போலத் தெரியுமாம். அவளை வெளியூர் அனுப்பக் கூடாது என்ற உறவினர்கள் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள்.

குனிந்து பார்த்தேன். எங்கள் மேடு கிணறாகக் கிடந்தது. அதன் அடியில் எங்கள் வீடு!

அடுத்துப் பார்த்த மச்சினன் சிரித்தான். "இன்னா மாமா, உங்க வூடு குழியிலயா கீது?"

"இதுக்கா ஆஸ்டலு? இனிமே நீ போவ வேணாம்," என்றேன் மகளிடம்.

அவள் லென்ஸில் பார்த்து முகம் வெளுத்தாள். "நான்தாம்பா தப்பு பண்ணிட்டேன். படத்த இடம் வலம் மாத்தி வெச்சா மேடு பள்ளமாத் தெரியும்." எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, படங்களை மாற்றி வைத்தாள்.

மறுபடி குனிந்தேன். மேடு என் மூக்கை இடிப்பதுபோல எழும்பியது. வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டேன்.

"தன் தப்ப இத்தினி பேர் எதிர்ல ஒத்துகினவங்க நம்ம சனத்துல வேற யாருனா கீறாங்களா?" என்று கேட்டேன். மச்சினன் மறுபடி லென்ஸில் குனிந்தான்.

பொங்கல் முடிந்ததும் அவளை நானே பஸ் ஏற்றிவிட்டேன்.