கம்லா மசாலா விற்காத கடைகள்

பிஜித் தீவின் லௌட்டோகா நகரில் ஒரு மசாலா கம்பெனியில் நடராஜன் விற்பனை அதிகாரி. தவுவா பக்கம் சரக்கு ஏன் நகரவில்லை என்று முதலாளி கேட்டதால், தொண்ணூற்றொன்பதில் வட்டுகோலா வரை கடை கடையாக ஏறி இறங்கினான்.

வெளிநாட்டு மசாலா விலை அதிகம். அதை வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். உண்மையான போட்டி ட்ராசா கிராமத்தில் இருந்தது. கம்லா என்பவள் வீட்டிலேயே வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டாள். விற்காததை அவளே திரும்ப எடுத்துக்கொண்டதால் கடைக்காரர்களுக்குப் பயமில்லை. 'இவளுடைய சரக்கை வைக்காத கடைக்கு நம் மசாலா டஜனுக்கு இரண்டு பாக்கெட் இலவசம். மூன்று மாதம் கொடுத்தால் போதும், அவள் சரக்கு நின்றுவிடும்' என்று நடராஜன் அறிக்கை எழுதினான். சொன்னபடியே நடந்தது.

கம்லா ஆபீசுக்கே வந்துவிட்டாள். மாரியம்மன் கோயிலில் இருவருக்கும் பழக்கம்.

"அண்ணே, ஒரு கடையும் என் மசாலாவ எடுக்கமாட்டேங்குது. ஒங்க முதலாளிகிட்ட பேசுங்கண்ணே."

"கம்பெனி முடிவும்மா. என் கையில என்ன இருக்கு?"

"அச்சா, சரிண்ணே" என்று அவள் எழுந்து போனாள்.

அடுத்த மே மாதம், இந்திய வம்சாவளியினர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஊரே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது. பிரிஸ்பேனிலிருந்த கொழுந்தனார் கூப்பிட்டபோதெல்லாம் தொழிலைச் சொல்லித் தட்டிக்கழித்தவள் கம்லா. இப்போது சொல்லத் தொழில் இல்லை. குடும்பத்தோடு கிளம்பிவிட்டாள்.

மறு வருஷம் முதலாளியும் ஆக்லாந்து போனார், கம்பெனியை மூடினார்கள். கடைகளில் வெளிநாட்டு மசாலா மட்டும் மிஞ்சியது. போட்டிக்கு ஆளில்லாததால் விலை ஏறிக்கொண்டே போனது. போட்டியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியவனுக்கு இது தோன்றவேயில்லை.

மனம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேனுக்குப் போன் போட்டான்.

"கம்லா, அந்தத் திட்டம் நான் எழுதினதும்மா."

"தெரியும்ண்ணே. கடைக்காரர் பொன்சாமி அப்பவே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா ஆபீசுக்கு வந்தே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கம்லா பேச்சை மாற்றினாள். இந்த வருஷம் தீமிதிக்கு ஆள் சேர்ந்ததா என்று கேட்டாள். பாதிப் பேர்கூட வரவில்லை என்றான். அவள் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.