சேஷகிரி வீட்டு ரெக்கார்டுச் சத்தம்

ரோஸ்லின் கல்யாணத்துக்கு முந்தின நாள் என் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போன மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறோம். அதை மற்றவர்கள் விஷயத்தில் செய்துகொள்கிறேன்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் சேஷகிரி, ரிட்டையர்டு இன்ஜினியர். மேலே நானும் என் மோட்டார் தையல் மெஷினும். கல்யாணப் பெண்ணுக்கு கவுன், முதல் தடவை நற்கருணை வாங்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கவுன் என்றால் எங்கள் சர்ச் பங்கில் இந்த பிரிஜெட் கைதான். ரோஸ்லின் என் அக்கா மகள். அவள் கவுனுக்குக் கடைசி ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது சேஷகிரி கீழிருந்து கத்தினார். என் மோட்டார் ஓடினால் அவர் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வருகிறதாம். "நாளைக்குக் கல்யாணம் சார், கொஞ்ச நேரம்தான்" என்றேன். பதிலுக்கு இருட்டுதான் வந்தது. மீட்டர் பலகை அவர் வராந்தாவில் இருந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையால் தைத்தேன். காலையில் பார்த்தால் ஓரம் முழுக்கக் கோணல். பெண் அழுதுவிட்டு வாடகை கவுனில் கோயிலுக்குப் போனாள். "பிரிஜெட்டுக்குக் கை போயிடுச்சு" என்று முதலில் சொன்னது எங்கள் கோயில் பாட்டுக்குழு மாஸ்டர் அப்பாதுரையின் மனைவி. அந்த வருஷம் புதுநன்மை கவுன் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. ஃபியூஸ் கதையைச் சொன்னால் சாக்கு என்றார்கள். பதினெட்டு வயதிலிருந்து சம்பாதித்த பேர் ஒரே நாளில் போனது. அதைப் பிடுங்கியவர் கீழே சாய்வு நாற்காலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டைக் கெடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சேஷகிரிக்கு சி.டி. பைத்தியம். இருந்த ரெக்கார்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு சி.டி. வாங்கினார். வாங்கிய பிறகு, இதில் ரெக்கார்டின் இதம் இல்லையே, எல்லாம் வறட்டுச் சத்தமாக இருக்கிறதே என்று புலம்பல். கடைசியில் பழைய ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு பெட்டி கட்டி, பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் செருகினார். அதன் வழியாக வந்தால் சி.டி.யும் ரெக்கார்டு மாதிரியே கேட்குமாம். அதைக் கேட்க ஒரு ஞாயிறு சாயங்காலம் சிநேகிதர்களைக் கூப்பிட்டார். அவர்களில் அப்பாதுரை மாஸ்டர் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தக் கும்பலில் காது என்றால் அவர் காதுதான்.

கீழே வயலின் ஆரம்பித்தது. நான் நூல் கோக்காமல், துணி வைக்காமல் பெடலை மிதித்தேன். இப்போது ரகளை நடக்கும் என்று காத்திருந்தேன்.

"அடடா!" அப்பாதுரையின் குரல் மாடிவரை வந்தது. "ஊசி ரெக்கார்டு மேல போற சத்தங்கூட வருதேய்யா! இத சி.டி.ன்னு எவன் சொல்லுவான்?"

கைதட்டல். இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள், பாவிகள்.

ஒரு வாரம் கழித்து சேஷகிரி மைசூர்பாக்கோடு படியேறி வந்தார். என் மெஷின் ஓடாதபோது அந்தச் சத்தம் வருவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"பிரிஜெட்டம்மா, வர்ற ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லேர்ந்து பத்திரிகைல எழுதறவர் ஒருத்தர் கேக்க வர்றார். அப்போ நீங்க மெஷின ஓட்டணும். தையல்லாம் வேணாம்மா, சும்மா ஓட்டினா போதும்."

"என் ஃபியூஸ நீங்கதான் புடுங்கினீங்கன்னு கோயில் வாசல்ல வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்களா சார்?"

சிரித்தார். "அத இன்னுமா நெனச்சிட்டிருக்கீங்க? ஒரு கவுனுதானேம்மா."

ஒரு கவுனுதானாம். "ஓட்டறேன் சார்" என்று சொல்லி மைசூர்பாக்கை வாங்கிக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

அந்த ஞாயிறு, பாட்டுத் தொடங்கியதும் மெஷினை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினேன். நல்ல கனம். கோபத்தில் தூக்கிவிட்டேன். கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். சேஷகிரி மட்டும் இன்னும் சத்தத்தைக் காணோமே என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். டீப்பாய் மேல் மெஷினை இறக்கி, பெடலைத் தரையில் போட்டு, பிளக்கை அவருடைய வால்வுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே செருகினேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்கதானே ஓட்டச் சொன்னீங்க சார். மேலேர்ந்து சரியாக் கேக்குமோ என்னமோன்னு கீழயே கொண்டாந்துட்டேன்."

மிதித்தேன். வயலினோடு சேர்ந்து கரகரத்தது. காலை எடுத்தேன், நின்றது. மறுபடி மிதித்தேன். மெட்ராஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

"மாஸ்டர், ரெக்கார்டு ஊசின்னு நீங்க சொன்னது இதத்தான். இதே சத்தம் புடிக்காமத்தான் கல்யாணத்துக்கு முந்தின நாள் இவர் என் ஃபியூஸப் புடுங்கிட்டுப் போனார். உங்க வீட்டம்மா எனக்குக் கை போயிடுச்சின்னு ஊரெல்லாம் சொன்னாங்க."

அப்பாதுரையின் முகம் கறுத்துவிட்டது. என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சேஷகிரி பக்கம் திரும்பினார்.

"புடுங்கினீங்களா?"

சேஷகிரி பிளக்கை எடுக்கக் குனிந்தார்.

"அதத் தொடாதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

சேஷகிரி ஏதோ முணுமுணுத்தார். நான் பெடலை அடிவரை அழுத்தினேன். ஸ்பீக்கர் இரண்டும் அலறின. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. "ஆமா, நான்தான் புடுங்கினேன்!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்திய பிறகுதான் காலை எடுத்தேன்.