அழகுக்காகத் தைத்தது

தையல் எனக்குப் பிழைப்பு இல்லை, பைத்தியம். தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் மாரிகுப்பம் லைனில் எங்கள் தட்டி வீட்டுக்குள் நுழைந்தால் என் ஊசி படாத துணி ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. தண்ணீர்ப் பானைக்கு மூடுதுணி, அதன் ஓரமெல்லாம் சங்கிலித் தையல். தலையணை உறையில் ஒரு மயில். அதை வாத்து என்று சொன்ன பக்கத்து வீட்டு பாக்கியவதியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். வேலூரில் மிஷன் அம்மா வீட்டில் வேலைக்கு இருந்தபோது தொற்றிக்கொண்டது இது. காசுக்காக ஒருநாளும் தைத்ததில்லை. சோறு வடித்து முடிந்தால் கை ஊசியைத் தேடும், அவ்வளவுதான்.

"உட்டா அடுப்புக்கும் பாவாட தச்சிப் போடுவமே" என்பார் என் வீட்டுக்காரர் ஆபிரகாம். சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற வேலை அவருக்கு. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் சிரித்துக்கொண்டே.

அந்த மார்கழியில் அவருக்கு ராத்திரி ஷிப்டு. கீழே சுரங்க லெவலில் வெந்து வேர்த்து, விடியற்காலையில் மேலே வந்தால் பனி. இருமல் பிடிக்காமல் என்ன செய்யும்? மாவு மூட்டைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவே இலவம்பஞ்சு பரப்பி, கையில்லாத சட்டை ஒன்று தைக்க உட்கார்ந்தேன். பஞ்சு சரியாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் நாலு கோடு ஓட்டினால் போதும். எனக்கா போதும்! சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பூ, பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூலில். ஒரு மாதம் ஆயிற்று. விரித்துப் பார்த்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"சோக்கா கீதுமே" என்றார் அவர். தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குக் கிளம்பினார், அதைப் போட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

ஒரு சாயங்காலம் கஞ்சித் தூக்கை மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு சுரங்கத்தின் வாயான ஷாப்டு பக்கம் ஓடினேன். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜுக்கு நிற்கிற வரிசையில் அவர் பழைய சட்டையோடு நின்றார். என் சட்டை விறகுக் குவியல்மேல் சுருண்டு கிடந்தது. எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ எனக்கு.

"இன்னாய்யா, என் கைவேல உனக்கு அசிங்கமா பூட்ச்சா? நாலு பேரு முன்னால போட்டுக்க வெக்கமா கீதா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. "ஐயே, அது இல்லமே..." என்று ஏதோ சொல்ல வந்தார். கேட்கிறவளா நான்?

"போட்டுக்கினு எறங்கு. இல்லனா ஊட்டுக்கு வராத."

சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கேஜில் ஏறினார். நான் எதையோ ஜெயித்தவள்போல வீட்டுக்கு நடந்தேன். என் வாயில் மண் விழ.

கீழே இறங்குகிறவன் பையோ மடிப்போ உள்ள துணி போடக்கூடாதாம். தங்கம் ஒளித்துவிடுவானாம். கம்பெனிச் சட்டம் அது. மேலே வருகிறவர்களை வாட்ச்மேன்கள் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மறுநாள் காலை பாக்கியவதி சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தவளிடம் 'இது ஆகாது' என்று சொல்ல மனசு வராமல், பாவி மனுஷன் தினமும் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

விடியற்காலையில் மேலே வந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வாட்ச்மேன்கள் சட்டையைக் கட்டம் கட்டமாகக் கிழித்திருக்கிறார்கள். நூல் விட்டுப்போன ஒரு கட்டத்தில், பஞ்சுக்குள், நெல்மணி அளவுக்கு ஒரு கல். அதில் மஞ்சள் மின்னியதாம். எப்படி உள்ளே போனதென்று அவருக்கும் தெரியவில்லை. பாறை உடைக்கிற இடத்தில் கல் தெறிக்காமல் மல்லிகைப் பூவா தெறிக்கும்?

காவல் அதிகாரி வால்டர் துரை முன்னால் போய் நின்றேன். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் சொல்வது நிஜம் என்று பட்டால் என் வீட்டுக்காரரை விட்டுவிடுவதாகவும், இல்லாவிட்டால் கோர்ட்டு, ஜெயில்தான் என்றும் சொன்னார். மேஜைமேல் என் சட்டை பஞ்சு பிதுங்கிக் கிடந்தது.

"நான்தாங்க தச்சேன், துரை. நான்தான் போட்டுக்கச் சொன்னேன். அவரு மேல தப்பே இல்லீங்க."

"இத்தனை அறை எதுக்கு?"

"அழகுக்குங்க."

"அழகுக்கா?" அவர் என் புடவையைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். "சுரங்கத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டைக்கு அழகா? யார் சொல்லித் தைச்சே? என்ன கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லலீங்க. தைக்கறதுன்னா எனக்கு உசுரு. அதான் தச்சேன்."

வீட்டுக்கு ஓடிப்போய் பானைத் துணி, தலையணை உறை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் கொட்டினேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். மயிலைப் பார்க்கவில்லை, எங்கே பை இருக்கிறதென்று விரலால் தடவினார். கூலிக்காரன் பெண்டாட்டி ஒரு காரணமும் இல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்து பூத்தையல் போடுவாள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. என் குரல் ஏறியது. வெளியே தள்ளிவிட்டார்கள்.

கோர்ட்டில் என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் ஜெயில் போட்டார்கள். வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பாக்கியவதிதான் தன் வீட்டில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தாள். இவளோடா நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன் என்று அழுகையாக வந்தது.

மூன்றாம் மாதம் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பங்காருபேட்டையில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்து ஜெயிலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் பாதி ஆளாக நின்றார். இருமல் மட்டும் குறையவில்லை.

"என் வாயாலதான்யா நீ இங்க கீற. என்ன திட்டுய்யா. ஒரு வார்த்தையாவது திட்டு."

"அத்த உடுமே" என்றார். பிறகு காவல்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"லூயிசா, எனக்கு மட்டும் சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன். யாரு சொல்லி அந்தக் கட்டத்தத் தச்ச?"

ஊரையே வாயால் அடக்குகிறவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அழகுக்குத்தான்யா தச்சேன்."

"சரிமே" என்றார். நம்பவில்லை.